வினைக்குப் பின்னால் நிற்பவர்கள்

ஃபெஸ் நகரத்தில் புஷ்தா லம்ரீனியைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, நேற்றுப் பிறந்தவர்கள். இன்னொன்று, போலீஸ் வந்து கேட்கும்போது நாங்கள் எல்லோரும்.

நான் தலா ஸ்கீரா சந்தில் தோல் செருப்பு விற்கிறவன். முப்பது வருஷமாக என் கடை மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி அவர் போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு அந்தத் தகுதி போதும். போதாது என்கிறவர்கள் அவரவர் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

அவர் பிறந்தது தாவ்னாத் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம். பதினெட்டு வயதில் இங்கே வந்து எங்கள் பேட்டையின் பொது ரொட்டி அடுப்பில் வேலைக்குச் சேர்ந்தார். வீடு வீடாகப் போய் மாவுத் தட்டை வாங்கித் தலையில் சுமந்து வருவது, வெந்த ரொட்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் வேலை. ஒரே வருஷத்தில் இந்த ஊரின் ஒன்பதாயிரம் சந்துகளும் அவர் காலுக்குப் பழகிவிட்டன. ஒன்பதாயிரம் என்பது அவர் கணக்கு. நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் நீண்ட முடியும் கிழிந்த கால்சட்டையுமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். வழி தவறி ரொட்டி அடுப்பின் முன்னால் வந்து நிற்பார்கள். இவர் கூட்டிக்கொண்டு போய் நகர வாசலில் விடுவார். போகிற வழியில் அவர்கள் பேசியதுதான் இவருடைய இங்கிலீஷ். லண்டன்காரன் ஒரு சொல் கொடுத்தான், ஆஸ்திரேலியாக்காரி ஒரு சொல் கொடுத்தாள். முதல் ஆசிரியர்கள் அந்த நீண்ட முடிக்காரர்கள் என்பதால் எதைச் சொன்னாலும் 'மேன்' என்று முடிப்பார். "இது மதரஸா, மேன். எழுநூறு வருஷம், மேன்." எழுபது வயது டச்சுக்காரியிடமும் மேன்தான். அவர்கள் ரசித்தார்கள். அடுப்பு வேலையை விட்டார். வழிகாட்டி ஆனார்.

ஆனால் அரசாங்க உரிமம் இல்லாத வழிகாட்டி. உரிமம் என்றால் கழுத்தில் தொங்கும் பித்தளை வில்லை. அது படித்தவர்களுக்கு. அது இல்லாமல் வெள்ளைக்காரரோடு சந்தில் நடந்தால் சுற்றுலாப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அதனால் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரு நடை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளருக்குப் பத்து அடி முன்னால் நடப்பார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அந்தக் கைதான் பேசும். இடது விரல் நீண்டால் இடப்பக்கம். உள்ளங்கை விரிந்தால் நில். கை மூடி முஷ்டியானால் போலீஸ், கலைந்து போ. கிளம்புவதற்கு முன்னால் காப்பிக் கடையில் வைத்தே ஆட்களிடம் சொல்லிவிடுவார்கள்: போலீஸ் கேட்டால் என்னை உங்களுக்குத் தெரியாது, உங்களை எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்களுக்கு இது ஒரு விளையாட்டுப் போலக் குஷியாக இருக்கும். பிடிபட்டால் உள்ளே போவது அவர்கள் இல்லையே.

புஷ்தா நான்கு தடவை உள்ளே போனார். நான்காவது தடவை ஒரு மாதம். அவர் மனைவி யாம்னா தினமும் இரண்டு பஸ் மாறி, சிறை வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு நின்றாள். அவர் வெளியே வந்த அன்று என் கடை வாசலில் வைத்தே அவரிடம் சொன்னாள்: "இதான் கடைசி. அடுத்த தடவ அவனுங்க போடுற பருப்பையே தின்னுக்கோ. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். செஃப்ரூவுக்கு. திரும்பி வரமாட்டேன்."

"இல்ல யாம்னா, இனிமே..."

"உன் இனிமேய நான் நாலு தடவ கேட்டாச்சு."

அந்த வருஷம்தான் அறிவிப்பு வந்தது. அனுபவம் உள்ள, உரிமம் இல்லாத வழிகாட்டிகளுக்கு ஒரே ஒரு தடவை தேர்வு. எழுத்துத் தேர்வில் வரலாறும் இங்கிலீஷும். அதில் தேறியவர்கள் இரண்டு தேர்வாளர்களை ஊருக்குள் நடத்திக் காட்ட வேண்டும். இரண்டிலும் தேறினால் வில்லை. தேறாதவர்கள் அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் பக்கம் போனால் மூன்று மாதம் உள்ளே. புஷ்தாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வில்லை கிடைத்தால் தொழிலும் உண்டு, யாம்னாவும் உண்டு. கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்றுதான்.

இளைஞர் மன்றத்தில் மாலை வகுப்பு வைத்தார்கள். டீச்சர் பெயர் கஸ்லான். இருபத்தெட்டு வயதுப் பெண். அவள் அவர்களை மரியாதையாகப் பெயருக்கு முன்னால் 'ஸி' போட்டுக் கூப்பிடுவாள், அவர்கள் அவளை 'உஸ்தாதா', அதாவது டீச்சரம்மா, என்பார்கள். மாணவர்கள் பதினைந்து பேர், ஒருவருக்கும் மீசை நரைக்காமல் இல்லை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்க முடியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து படித்தார்கள். அங்கே நடந்ததை எல்லாம் மறுநாள் காலையில் புஷ்தா என் கடையில் நடித்துக் காட்டுவார். எனக்கும் பைஸாரா சூப் ஆறும்வரை பொழுது போகும்.

இங்கிலீஷில் ஒரு தகராறு உண்டு. செய்கிறவனுக்கு ஒரு சொல், அதே ஆளே வாங்கிக்கட்டிக்கொள்ளும்போது வேறு சொல். நான் அடித்தால் 'ஐ', என்னை அடித்தால் 'மீ'. அவன் அடித்தால் 'ஹீ', அவனை அடித்தால் 'ஹிம்'. முன்னதை வினைக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னதைப் பின்னால். எங்கள் அரபிப் பேச்சில் இந்த 'என்னை', 'அவனை' எல்லாம் வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும், தனியாக நிற்காது. புஷ்தாவோ காதால் கேட்டுப் படித்தவர். 'மீ டேக் யூ', 'ஹிம் நோ குட்' என்று முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். வாடிக்கையாளர் யாரும் திருத்தியதில்லை. விடுமுறைக்கு வந்தவர்கள் எதற்குத் திருத்தப் போகிறார்கள்?

கம்பளம்தான் முதல் சண்டை. அரபியில் கம்பளம் பெண்பால். புஷ்தா கம்பளக் கடையில் முப்பது வருஷமாக, "அவளை மடித்து, அவளைப் பொட்டலம் கட்டி, அவளை உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது தன் சாமர்த்தியத்துக்கு என்று நினைத்திருந்தார்.

"ஸி புஷ்தா, இங்கிலீஷ்ல கம்பளம் பொம்பள இல்ல. வெறும் 'இட்'. அத மடிச்சு, அத கட்டி," என்றாள் கஸ்லான்.

"அப்ப இவ்ளோ நாளா நான் பொம்பளய மடிச்சா அனுப்பிட்டிருந்தேன்?"

"ஆமா."

"ஸ்வீடனுக்கே பதினோரு பேர அனுப்பியிருக்கேன், உஸ்தாதா. அல்லா மன்னிக்கட்டும்."

அடுத்த சண்டை இன்னும் பெரியது. 'நான் உங்களுக்குக் காட்டிய வீடு' என்பதை எங்கள் பேச்சில் 'நான் உங்களுக்கு அதைக் காட்டிய வீடு' என்றுதான் சொல்வோம். அந்த 'அதை' இல்லாவிட்டால் எங்களுக்கு வாக்கியம் நொண்டும். இங்கிலீஷிலும் பதினைந்து பேரும் அந்த உபரி 'இட்'டைக் கொண்டுபோய்ச் செருகினார்கள். கஸ்லான் சிவப்புப் பேனாவால் அடித்து அடித்துக் கை ஓய்ந்து போனாள்.

"வீட்டத்தான் சொல்லியாச்சே. மறுபடி எதுக்கு அங்க ஒரு 'இட்'? ஒரே வீட்டுக்கு ரெண்டு வாடகையா?"

"ஒரு தடவ சொன்னா அந்தாளு மறந்துடுவான், உஸ்தாதா. வெயில்ல நடந்து வந்திருப்பான்."

இப்படி மூன்று வாரம் போயிற்று. பாடப் புத்தகத்தில் ஓர் அகமது ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். அகமது ஆப்பிளைத் தின்கிறான், அவன் அதைத் தின்கிறான். இந்த அகமதும் அவன் ஆப்பிளும் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் ஒரு நாள் கஸ்லான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உங்க வாழ்க்கையில நடந்ததையே சொல்லுங்க. யாரு செஞ்சது, யாருக்குச் செஞ்சது?" என்று கேட்டாள். முதலில் புஷ்தா எழுந்தார்.

"த போலீஸ் அரெஸ்ட் மீ."

பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "த போலீஸ் அரெஸ்ட் ஹிம்" என்றார். பின் பெஞ்சில் இருந்து ஒருவர் கையை வட்டமாகச் சுற்றி, "த போலீஸ் அரெஸ்ட் அஸ்" என்றார். பெஞ்சு அதிர்ந்தது. ஆளாளுக்கு எழுந்து சொன்னார்கள், 'மீ', 'ஹிம்' விஷயத்தில் ஒருவர்கூடத் தப்பு விடவில்லை. கடைசியில் ஒரு குறும்புக்காரர் கஸ்லானையே காட்டி, "அரெஸ்ட் ஹெர்!" என்றார்.

"என்கிட்ட சான்றிதழ் இருக்கு. என்னை யாரும் தொட முடியாது," என்றாள் அவள். அன்றைக்கு அவளும் சிரித்தாளாம்.

வாழ்நாள் முழுக்க வினைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு, ஆப்பிள் தின்கிறவனை வைத்துப் பாடம் நடத்தினால் எப்படி ஏறும்? இது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புத்தகம் போட்டவர்களுக்குத்தான் புரியவில்லை.

அதன் பிறகு புஷ்தா சந்தில் பார்த்ததை எல்லாம் வாக்கியமாக்கினார். என்னைச் சுற்றுலாக்காரனாக உட்கார வைத்து, "ஃபாலோ மீ. ஸ்டே வித் மீ. லெட் மீ ஷோ யூ" என்று பாடம் சொன்னார். சுமை ஏற்றிய கழுதை 'பாலக், பாலக்', வழி விடு, என்ற கூச்சலோடு வந்தால், "ஹீ ஹிட்ஸ் ஹிம்" என்று ஓட்டுகிறவனையும் கழுதையையும் சுட்டுவார். 'அவனை' என்பதா 'அதை' என்பதா என்று கழுதையின் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது. யாம்னா வீட்டில் ரொட்டி கேட்டால் முதலில் இங்கிலீஷில் கேட்கச் சொன்னாளாம். "கிவ் இட் டு மீ" என்று சரியாகச் சொன்னால்தான் ரொட்டி. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே தப்பா சரியா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

எழுத்துத் தேர்வில் புஷ்தா பதினைந்து பேரில் இரண்டாவது. யாம்னா தேன் ஊற்றிய மடிப்பு ரொட்டி சுட்டுச் சந்து முழுக்கக் கொடுத்தாள். எனக்கு இரண்டு வந்தது. அன்றைக்கு நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூட்டவே திணறிய மனிதர் ஐம்பத்து மூன்று வயதில் ஒன்றைப் படித்துவிட்டார். நான் செருப்பைத் தவிர எதையும் படிக்கவில்லை.

நடைத் தேர்வு ஒரு வியாழக்கிழமை. தூறல். தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹாஜ் மெக்கி, எங்கள் ஊர்க்காரர், உரிமம் பெற்ற மூத்த வழிகாட்டி. இன்னொருவர் தலைநகரிலிருந்து வந்த அம்மாள், லாலா நுஸ்ஹா. கறுப்புக் குடை, மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட மதிப்பெண் தாள். இருவரும் இங்கிலீஷ்காரர்களாக நடிப்பார்கள், புஷ்தா அவர்களை நடத்திக் காட்ட வேண்டும். பூ ஜெலூத் வாசலில் கிளம்பினார்கள். புஷ்தா புதிதாகத் துவைத்த ஜெல்லாபா அங்கி போட்டிருந்தார். அதற்குள் அவர் இதயம் எப்படி அடித்தது என்று தெரியாது, வெளியே மழிக்கப்பட்ட தாடையும் பளபளத்த மஞ்சள் செருப்பும்தான் தெரிந்தன. செருப்பு நான் கொடுத்தது.

கிளம்பி இருபது நிமிஷத்தில் என் கடைப்பக்கம் வந்தார்கள். புஷ்தா பத்து அடி முன்னால் வந்துகொண்டிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். அதற்குள் மூன்று தடவை அந்த அம்மாள் கூப்பிட்டு, கூடவே நடக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தில் வருவார், பேசுவார், அடுத்த திருப்பத்தில் கால் தானாக முன்னால் போய்விடும். முப்பது வருஷத்துக் கால் அது, மூன்று மாத வகுப்பின் சொல்லை எப்படிக் கேட்கும்?

என் கடைக்கு நேர் எதிரே ஒருவன் தோல் சட்டை போட்டு நின்றிருந்தான். உஜ்தாவிலிருந்து மாற்றலாகி வந்த புதுப் போலீஸ்காரன், சாதாரண உடையில் இருந்தான். தேர்வைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புஷ்தா பக்கத்தில் வந்ததும் முழங்கையைப் பிடித்தான்.

"ஏய். பின்னாடி வர்ற ரெண்டு பேரும் உன் ஆளுங்கதானே?"

புஷ்தாவின் கை முதுகுக்குப் பின்னால் முஷ்டியாக மூடியது. அதை நான் பார்த்தேன். பிறகு, பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று எப்போதும் சொல்வது போலவே, உரக்க இங்கிலீஷில் சொன்னார்:

"ஐ டோன்ட் நோ தெம்."

சுத்தமான வாக்கியம். கடைசியில் ஒரு மேன்கூட இல்லை. கஸ்லான் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள்.

முஷ்டியைப் பார்த்த கணமே ஹாஜ் மெக்கி என் கடைப்பக்கம் திரும்பி, ஒரு வெள்ளைச் செருப்பைக் கையில் எடுத்து, "இது என்ன விலை?" என்று கேட்டார். இருபது வருஷமாக என்னிடம் செருப்பு வாங்குகிறவர். அவருக்கும் ஒரு காலத்தில் வில்லை இல்லாமல்தான் இருந்தது, உடம்பு மறக்கவில்லை. நானும் வாய் தவறாமல் ஒரு விலை சொன்னேன். எங்கள் மூன்று பேருக்கும் நாடகம் மனப்பாடம்.

அந்த அம்மாளுக்கு நாடகம் தெரியாது. குடையோடு அப்படியே நின்றார். என்ன நடக்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நேராக நடந்து வந்தார், பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் போலீஸ்காரன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவர விடுங்க. அவர் எங்களோட வந்தவர். எங்களுக்கு அவரத் தெரியும்."

போலீஸ்காரன் கையை எடுத்து நெற்றியில் வைத்து, "மன்னிச்சுக்கங்க, லாலா" என்றான். புஷ்தாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் சாம்பலாகிவிட்டது. "லாலா, அது... வாய் தானா..." என்றார். அந்த அம்மாள் தாளில் ஏதோ எழுதினார், வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து, "போகலாம்" என்றார். கையில் இருந்த செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹாஜ் மெக்கி தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போய்விட்டார்.

அதன் பிறகு ர்ஸீஃப் சதுக்கம் வரை புஷ்தா அவர்களுக்கு நடுவிலேயே நடந்தாராம். நன்றாகப் பேசினாராம். மதரஸா கட்டிய வருஷம், மரக்கூரையின் வேலைப்பாடு, எதுவும் தப்பவில்லை, ஒரு உபரி 'இட்'டும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து இளைஞர் மன்றச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். அவர் பெயர் இல்லை.

கஸ்லான் தலைநகருக்குப் போன் போட்டாள். அழுதாளாம். அந்த அம்மாள் பொறுமையாகவே பதில் சொல்லியிருக்கிறார்: "இலக்கணத்துல குறையே இல்லம்மா. அவர் அளவுக்கு என் தம்பி பையன்கூட பேசமாட்டான். ஆனா போலீஸ் கேட்டதும் 'இவங்கள எனக்குத் தெரியாது'ன்னு சொன்ன ஆள நம்பி விருந்தாளிங்கள எப்படி அனுப்புறது? அவங்களுக்கு வழியில ஒண்ணு ஆனா, அப்பவும் அதையே சொன்னா?"

எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தது யார்? நான்கு தடவை உள்ளே தள்ளி அதைச் சொல்லப் பழக்கியது யார்? பழக்கிவிட்டு, ஏன் சொன்னாய் என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். இதற்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு குடை.

புஷ்தா தொழிலை விட்டார். யாம்னாவுக்குக் கொடுத்த சொல்லை இந்தத் தடவை காப்பாற்றினார். இப்போது தோல் பதனிடும் தொட்டிகளுக்கு மேலே ஒரு மாடியில் நிற்கிறார். நாற்றம் தாங்காத வெள்ளைக்காரர்கள் மூக்கில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு கொத்து புதினா கொடுப்பது வேலை. உட்கார ஒரு முக்காலி உண்டு. யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

போன வசந்தத்தில் ஒரு நாள் புதினாக் கட்டோடு என் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தார். பேச்சு எப்படியோ அந்த அம்மாளிடம் போயிற்று. நான் வழக்கம் போல ஆரம்பித்தேன்.

"தலைநகரத்துல பிளாஸ்டிக் உறைக்குள்ள வளந்தவ. சந்துல ஒரு நாள் நடந்துட்டு, ஒரு மனுஷனோட முப்பது வருஷத்த..."

"அவங்கள திட்டாத, ஸி லர்பி."

"ஏன் திட்டக்கூடாது? உன் பொழப்ப எழுதித் தீத்துட்டுப் போனவ."

"எழுதட்டும். நான் சொன்னது தப்புதானே." டீக் குவளையைக் கீழே வைத்தார். "எத்தன ஆயிரம் பேர் என் பின்னாடி வந்திருப்பாங்க? ஒவ்வொருத்தருக்கும் கிளம்புறப்பவே சொல்லிக்குடுத்தேன், போலீஸ் கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்கன்னு. நல்லா படிச்சுக்கிட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் யாம்னா கையால சாப்பாடு போட்டிருப்பேன், அவங்க பிள்ளைய தோள்ல தூக்கிட்டு நடந்திருப்பேன். நாலு தடவயும் என் கண்ணு முன்னாடியே தெரியாதுன்னுட்டு விளக்கு விலை கேக்கப் போயிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் சொல்லிக்குடுத்தத சொன்னாங்க."

"சரி, அதுக்கு?"

"அந்தம்மாவுக்கு மட்டும் நான் சொல்லிக்குடுக்கல. தேர்வுதானேன்னு விட்டுட்டேன்."

"அதனால?"

"அதனால, கேட்டதும், தெரியும்னுட்டாங்க."

அவர் புதினாக் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அன்றிலிருந்து அந்த அம்மாளைத் திட்ட வாயெடுத்தாலும் எனக்கு வார்த்தை வருவதில்லை.